ஏரிக்கரையும் ஊராட்சி மன்றமும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் பதவியில் இல்லை. உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. இட ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை என்று வழக்குகள் நீண்டு தேர்தல் தள்ளிக்கொண்டே போக, தனி அலுவலர்கள் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்கள். புயலுக்கு முன் வருவாய்த் துறை நன்றாகவே வேலை செய்தது. 80,000க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டுசென்றது. அதனால் பல உயிர்கள் தப்பின. தென்னையும் மின்கம்பமும் கூரையும் சாய்ந்த பிறகுதான் குறை தெரிந்தது. எந்த வீட்டில் முதியவர் படுக்கையில் கிடக்கிறார், எந்த மரத்தை முதலில் அறுத்தால் குடிநீர் லாரி உள்ளே வரும், யார் பெயர் பட்டியலில் விட்டுப்போயிற்று என்பதற்கெல்லாம் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் ஊரில் இல்லை. நிவாரணம் கேட்டு ஊர் ஊராகச் சாலையில் உட்கார்ந்தார்கள்.

ஊரக உள்ளாட்சித் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், மீதி இடங்களில் 2021 அக்டோபரிலும் நடந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே 2021 நவம்பரில் சென்னை மூழ்கியபோதும் மாநகராட்சிக்கு மேயர் கிடையாது. 2019இல் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் அந்த மாவட்டங்கள் மறுபடியும் தனி அலுவலர்களிடம் போயின. பேரிடர் அறிக்கைகளில் மழையளவு இருக்கிறது, காற்றின் வேகம் இருக்கிறது, சேத மதிப்பு இருக்கிறது. அன்று அந்த ஊரில் ஊராட்சி மன்றம் இருந்ததா என்ற தகவல் மட்டும் இருப்பதில்லை. பேரிடர் அபாயத்தைக் குறைப்பதில் உள்ளாட்சியால் எவ்வளவு முடியும், எங்கே முடிந்திருக்கிறது, இங்கே ஏன் முடியவில்லை என்ற கேள்விகளை அந்த விடுபட்ட தகவலிலிருந்தே தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் சட்டம். சுனாமிக்கு அடுத்த ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, தேசியம், மாநிலம், மாவட்டம் என்று மூன்று அடுக்கில் ஆணையங்களை அமைத்தது. மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஊராட்சித் தலைவர் இணைத் தலைவர். உள்ளாட்சி மன்றங்களின் கடமை 41ஆம் பிரிவில் வருகிறது. அலுவலர்களுக்குப் பயிற்சி தருவது, கருவிகளைத் தயாராக வைத்திருப்பது, தன் எல்லைக்குள் நடக்கும் கட்டுமானங்கள் விதிப்படி இருக்கச் செய்வது, நிவாரணப் பணி. எல்லாம் மாவட்ட ஆணையத்தின் உத்தரவுக்கு உட்பட்டவை. நிதியைப் பற்றிய 48ஆம் பிரிவு மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் தனி நிதியங்களைச் சொல்கிறது. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 11ஆம் அட்டவணையில் ஊராட்சிக்குரிய 29 இனங்களும், 12ஆம் அட்டவணையில் நகராட்சிக்குரிய 18 இனங்களும் உள்ளன. இரண்டிலும் பேரிடர் மேலாண்மை பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆனால் சிறு பாசனம், நீர் மேலாண்மை, சாலை, குடியிருப்பு, நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டையும் கட்டட அனுமதியையும் ஒழுங்குபடுத்துதல் ஆகியவை இருக்கின்றன. வெள்ளச் சேதம் எங்கே எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் இவைதான் தீர்மானிக்கின்றன.

கிராமத்தில் இந்தப் பிளவைக் கண்ணால் பார்க்கலாம். எச்சரிக்கை ஆட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்கும், அவரிடமிருந்து தாசில்தாருக்கும், கடைசியாகக் கிராம நிர்வாக அலுவலருக்கும் வருகிறது. அவர் வருவாய்த் துறையின் ஆள். வாய்க்காலைத் தூர்வாரும் பணமும், நூறு நாள் வேலைப் பட்டியலும், தெருவிளக்கும், பிளீச்சிங் பவுடரும் ஊராட்சிச் செயலரிடம். அவர் ஊரக வளர்ச்சித் துறையின் ஆள். மழை கொட்டும் இரவில் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் நிற்கிறார்கள். மழை இல்லாத பதினொரு மாதமும் ஒரே தாளில் இருவர் கையெழுத்தும் சேர்ந்து விழுவதில்லை.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிடப்பட்டது; அடையாற்றங்கரை மூழ்கியது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கை இதை மனிதர் உண்டாக்கிய பேரிடராகவே பார்த்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் செம்பரம்பாக்கத்தைப் பற்றியே பேசிப் பேசி இன்னொன்றை மறந்துவிட்டோம். முடிச்சூரும் வரதராஜபுரமும் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேரும் திருநீர்மலைக்கு மேலே இருக்கின்றன. அந்த ஊர்களில் முதல் மாடிவரை ஏறிய தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வந்தது. அப்போது இரண்டுமே கிராம ஊராட்சிகள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மனைகளாகப் பிரிந்து நகரமாகிவிட்ட ஊராட்சிகள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் ஓர் அலுவலகத்தில், ஆறு இன்னோர் அலுவலகத்தில், ஏரி பாசனப் பரப்பைப் பொறுத்து மூன்றாவது அலுவலகத்தில். வீடு கட்டியவரிடம் வரி வாங்கிய ஊராட்சியிடம் ஆற்றின் வெள்ளப்பரப்பைக் காட்டும் வரைபடம்கூட இல்லை.

உள்ளாட்சி தானே அபாயத்தை உண்டாக்கிய கதையும் சென்னையில் உண்டு. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. தென்சென்னையின் மழைநீரையெல்லாம் வாங்கி ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது பள்ளிக்கரணை சதுப்புநிலம். ஐம்பது சதுர கிலோமீட்டர் அளவில் பரந்திருந்த அது இன்று அதில் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. அந்தச் சதுப்பின்மேல்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பல பத்தாண்டுகள் வளர்ந்தது. அதை நடத்தியது மாநகராட்சி. பக்கத்திலேயே அரசு நிறுவனங்கள், ஐ.டி. வளாகங்கள், சாலைகள். 2022இல் பள்ளிக்கரணைக்கு ராம்சர் தகுதி கிடைத்தது மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு முன் அங்கே நடந்த ஒவ்வொன்றுக்கும் முறையான கோப்பு இருந்தது, யாரோ ஒருவரின் ஒப்புதல் இருந்தது. வெள்ள அபாயம் அப்படித்தான் சேர்கிறது, ஒவ்வொரு கோப்பாக.

2015க்குப் பின் சென்னை மாநகராட்சி ஆசிய வளர்ச்சி வங்கி, ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி ஆகியவற்றின் கடனோடு பல ஆயிரம் கோடி ரூபாய்க்கு மழைநீர் வடிகால் கட்டியிருக்கிறது. சாதாரண மழையில் பல தெருக்களில் தண்ணீர் முன்னைவிட விரைவாக வடிகிறது என்பது உண்மை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அந்த வடிகால்கள் போதவில்லை என்பதும் உண்மை. வடிகால் போய்ச் சேரும் ஆறும் கால்வாயும் நிரம்பி, முகத்துவாரத்தில் கடலும் ஏறி நிற்கும்போது கான்கிரீட் கால்வாய் என்ன செய்யும்? தண்ணீர் தங்க இடம் வேண்டும். அந்த இடத்தை ஒதுக்கும் அதிகாரம் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும் வருவாய்த் துறையிடமும் நீர்வளத் துறையிடமும் சிதறிக்கிடக்கிறது. மாநகராட்சியின் கையில் இருப்பது வடிகால் டெண்டர். கையில் இருக்கும் கருவிக்கு ஏற்றபடி திட்டம் அமைந்துவிடுகிறது.

மாநகரத்தைவிட ஏரிப்பாசன ஊர்களில்தான் இந்தச் சிக்கலின் வேர் ஆழமாகப் போகிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, குளங்கள். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு. சங்கிலித் தொடராக இருக்கும் ஏரிகளில் மேல் ஏரி ஒருவருக்கும் கீழ் ஏரி இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். மேல் ஏரியின் கலிங்கு எத்தனை அடி ஓடினால் கீழ் ஏரிக்கரை தாங்கும் என்ற அறிவு முன்பு நீர்க்கட்டியிடம் இருந்தது. எந்த மடையை எப்போது திறப்பது, கரையில் எங்கே ஊற்று அடிக்கிறது, எந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் அவர். கரை உடையும் நிலையில் ஊரார் வேலைக்கு வராவிட்டால் தண்டம் விதிக்க ஆங்கிலேயர் 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே போட்டார்கள். குடிமராமத்து தானாக ஓடிக்கொண்டிருந்த பொற்காலம் என்று ஒன்று இருந்ததில்லை என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் ஏரி வாரியத்துக்கு நிலமும் கல்வியும் உள்ளவர்களே தேர்ந்தெடுக்கப்படலாம். நீர்க்கட்டியாக இரவெல்லாம் கரையில் நின்றவர்களில் பலர் தலித்துகள். ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. பழைய முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கரைக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஊதியம், அவர் சொன்னால் ஊர் கேட்கும் என்ற ஏற்பாடு. அதன் சாதி அடுக்கைச் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த ஏற்பாடு போன பிறகு என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கீழ்க்கரை காட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுதும் பெய்யும் சராசரியைவிட அது கூடுதல். எந்தக் குளமும் அதைத் தாங்கியிருக்காது என்று அதிகாரிகள் சொன்னதை முழுதும் மறுக்க முடியாது. ஆனாலும் கரைகள் ஒவ்வொன்றாக உடைந்து ஒரு குளத்துத் தண்ணீர் அடுத்த குளத்தை உடைத்ததும், கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்துக்குள் தண்ணீர் புகுந்ததும் மழையளவால் மட்டும் நடந்தவை அல்ல. மறுகால் ஓடும் பாதையில் வீடுகள், சீமைக்கருவேலம், சாலைக்கு அடியில் தண்ணீர் போதாத குழாய்ப் பாலங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்துக் கிராமத்தார். அந்த ஊரிடம் மனமும் அரிசியும் இருந்தன. படகும் வயர்லெஸ்ஸும் இல்லை.

அடுத்தது பணம். இந்தியாவில் பேரிடர் நிதி என்றால் நெடுங்காலம் நிவாரண நிதிதான். வீடு இடிந்தால் கொடுக்கலாம். இடியாமல் தடுக்கக் கொடுக்க முடியாது. 15ஆவது நிதிக்குழுதான் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு மாநிலங்களுக்கான 1,60,153 கோடி ரூபாயில் 20 சதவீதத்தைத் தணிப்புப் பணிகளுக்கென்று பிரித்து வைத்தது. பெரிய மாற்றம் அது. ஆனால் அந்தப் பணமும் மாநிலத் தலைநகரத்தோடு நின்றுவிடுகிறது. ஒரு ஊராட்சி தன் கலிங்கைச் சீர்செய்ய அதில் உரிமையோடு கேட்க வழி இல்லை. திட்ட முன்மொழிவு எழுதி மேலே அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸ் இதை வேறு விதமாகச் செய்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் வழக்கமான வருவாயில் குறைந்தது 5 சதவீதத்தைப் பேரிடர் அபாயக் குறைப்புக்கு ஒதுக்கியாக வேண்டும். அதில் 30 சதவீதம் அவசரச் செலவுக்கு. மீதி முன்னேற்பாட்டுக்கும் தடுப்புக்கும். செலவாகாமல் மிஞ்சினால் காலாவதியாகாது. தனிக் கணக்கில் சேர்ந்து ஐந்தாண்டுவரை அதே வேலைக்குப் பயன்படும். செபு மாகாணத்தின் கமோட்டெஸ் தீவுகளில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகராட்சி, தெருக்களைச் சிறு சிறு அண்டைக் குழுக்களாகப் பிரித்துக் குப்பை, தோட்டம், சேமிப்பு என்று அன்றாட வேலையை அவற்றிடம் விட்டிருந்தது. 2013 நவம்பரில் ஹையான் புயல் வந்தபோது துலாங் டியோட் என்னும் குட்டித் தீவின் ஆயிரம் பேரையும் அந்தக் குழுக்களே முன்கூட்டி வெளியேற்றின. சுமார் 500 வீடுகள் தரைமட்டமாயின. ஓர் உயிரும் போகவில்லை. அதே நாடு, அதே சட்டம், அதே புயல், ஆனால் டாக்லோபான் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். முகாம்களாகக் குறித்த கட்டடங்கள் சிலவற்றுக்குள்ளேயே கடல் புகுந்தது. எனவே 5 சதவீதம் என்ற விதி தன்னளவில் எதையும் காப்பாற்றிவிடாது. விதியைத் தாங்க தெரு அளவில் பழகிய ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் பேரிடருக்காக மட்டும் கூடுவதாக இருந்தால் நிலைக்காது.

நம் கரையிலும் இதற்குச் சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் புதுச்சேரி நல்லவாடு மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞரிடமிருந்து தொலைபேசி வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஏற்படுத்தியிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஊரார் உடனே அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடற்கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். அந்த ஒலிபெருக்கியை வைத்தது சுனாமிக்காக இல்லை. அலை உயரம், மீன் கிடைக்கும் இடம், சந்தை விலை இவற்றைத் தினமும் சொல்ல வைத்தது. தினமும் பயன்பட்டதால் அன்றும் வேலை செய்தது. அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் வரை இறந்தார்கள்.

ஒடிசா இதை மாநிலம் முழுதுக்கும் விரித்தது. 1999 அக்டோபர் பெரும்புயலில் அங்கே பத்தாயிரம் பேர் அளவில் இறந்தனர். உடனே தனிப் பேரிடர் ஆணையம் அமைந்தது. கரையோரம் நூற்றுக்கணக்கான புயல் புகலிடங்கள் எழுந்தன. புகலிடங்களில் பெரும்பாலானவை பள்ளிக்கூடங்களாக நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஊர்மக்களின் பராமரிப்புக் குழு இருக்கிறது, ஒத்திகை நடக்கிறது. 2013 பைலின் புயலுக்கு முன் சுமார் 10 லட்சம் பேரும், 2019 ஃபானிக்கு முன் சுமார் 12 லட்சம் பேரும் வெளியேற்றப்பட்டனர். ஃபானியில் இறந்தோர் 64. 2020இல் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு ஒடிசாக் கிராமங்களுக்கு சுனாமித் தயார்நிலைச் சான்று யுனெஸ்கோவிடமிருந்து கிடைத்தது. இந்தியப் பெருங்கடல் வட்டாரத்தில் அவையே முதல். உயிர்க்காப்பில் ஒடிசா செய்தது உலகத்தரமான வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் புயலுக்குப் பின் அந்தக் குடும்பங்கள் திரும்பும் குடிசை பழைய குடிசைதான். உயிர் தப்பியதோடு வாழ்வு மீள்வதில்லை. அங்கேதான் வீட்டுவசதி, நிலப்பட்டா, வாழ்வாதாரம் என்று உள்ளாட்சியின் மெதுவான வேலை தொடங்க வேண்டியிருக்கிறது.

எச்சரிக்கை இருந்தும் அது முடிவாக மாறாமல் போவது வேறு வகைத் தோல்வி. கேரளம் 2018 வெள்ளத்துக்குப் பின் உள்ளாட்சிகளைக் கொண்டே பேரிடர் திட்டங்களை எழுத வைத்தது. இந்தியாவில் அந்த அளவுக்கு வேறு மாநிலம் இறங்கவில்லை. அந்தக் கேரளத்தில்தான் 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் மேப்பாடி ஊராட்சியில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை மண் விழுங்கியது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஊராட்சியின் புத்துமலையில் 2019இல் நிலச்சரிவு 17 உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. வயநாடு முழுதும் மழைமானிகளை வைத்துக் கணக்கெடுக்கும் ஹியூம் மையம் முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாகச் சொன்னது. சிலர் இடம் மாறியும் இருந்தார்கள். இத்தனை மில்லிமீட்டர் பெய்தால் இந்த வார்டைக் காலி செய்வது என்று எண் போட்டு எழுதிய, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஓர் உத்தரவு ஊராட்சியிடம் இருந்திருந்தால் என்ற எண்ணத்தை என்னால் தவிர்க்க முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளின்மேல் விழுந்து 7 பேர் இறந்தபோதும் அதே எண்ணம்தான்.

ஜப்பானில் இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இவாத்தே மாகாணத்தின் ஃபுதாய், சுமார் 3,000 பேர் வாழும் மீனவக் கிராமம். அதன் தலைவர் கோதோக்கு வமுரா நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1933 சுனாமியில் பிணங்களைத் தோண்டி எடுத்ததைப் பார்த்தவர். 1896 சுனாமி 15 மீட்டர் ஏறியது என்ற ஊர் நினைவை வைத்துக்கொண்டு 15.5 மீட்டர் உயரத்துக்குக் கடல்சுவரும், 1984இல் முடிந்த வெள்ளமதகும் கட்டியே தீருவேன் என்று நின்றார். இவ்வளவு உயரமும் செலவும் எதற்கு என்ற எதிர்ப்பைச் சமாளித்தார். 2011 மார்ச் 11 சுனாமியின்போது மதகுக்குப் பின்னிருந்த ஊரில் ஒரு வீடும் அழியவில்லை. படகைப் பார்க்கப் போன ஒருவர் மட்டும் காணாமல் போனார். வமுரா அப்போது உயிரோடு இல்லை.

அதே நாளில் இஷினோமாக்கி நகரத்தின் ஒகாவா தொடக்கப் பள்ளியில் 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டனர். அப்பள்ளி அரசின் வரைபடத்தில் சுனாமி வராத இடம். அதுவே ஊருக்கு அடைக்கல இடமாகக் குறிக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் விளையாட்டுத் திடலிலேயே ஏறக்குறைய ஐம்பது நிமிடம் நின்றிருந்தனர். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அன்றைய ஆசிரியர்களின் தடுமாற்றத்தோடு நிற்காமல், நகரமும் கல்வி வாரியமும் பேரிடருக்கு முன்பே பள்ளியின் அவசரத் திட்டத்தைத் திருத்தியிருக்க வேண்டும் என்று செண்டாய் உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2019இல் அதை உறுதிசெய்தது. மேலிருந்து வந்த வரைபடம் பாதுகாப்பு என்று சொன்னாலும், ஆறு பக்கத்தில் ஓடும் இடத்தைத் தானே பார்த்துச் சந்தேகிக்க வேண்டிய கடமை உள்ளாட்சிக்கு உண்டு என்பதே தீர்ப்பின் பொருள். பேரிடர் திட்டம் என்பது அலமாரியில் இருக்கும் ஆவணம் என்று நினைக்கும் எல்லா நகராட்சிகளும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் புதுப்பிக்கப்படுகிறது. 4,133 இடங்கள் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளாகக் குறிக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் இல்லாத இடம் மூழ்கினால் அதற்குக் காரணம் கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் சுவரும் மதகும் வேண்டும் என்பதில்லை. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் 1,344 பேர் இறந்தது ஆய்வில் தெரிந்தது. மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. வானிலை முன்னறிவிப்பை வண்ண எச்சரிக்கையாக்கி மருத்துவமனை, ஆம்புலன்ஸ், தொழிலாளர் வேலை செய்யும் இடங்கள்வரை கொண்டுசேர்ப்பது, தண்ணீர்ப் பந்தல், மருத்துவர்களுக்குப் பயிற்சி, எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பு அலுவலர். செலவு குறைவு. இந்தியாவில் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கொலம்பியாவின் மலைநகரமான மனிசாலெஸில் சரிவோரக் குடியிருப்புப் பெண்களையே நகராட்சி சம்பளத்துக்கு அமர்த்தி, மலைச்சரிவு வடிகால்களைச் சுத்தம் செய்யவும் புதுக் குடிசை எழுவதைக் கண்காணிக்கவும் வைத்திருக்கிறது. 2009 நவம்பர் மழையில் 40க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நீலகிரியில் குன்னூரும் கோத்தகிரியும் இதை நாளைக்கே தொடங்கலாம். கடன் வாங்க வேண்டியதில்லை.

உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நீர்வழிப் புறம்போக்கில் கட்டடம் எழுவதைக் கண்டும் காணாமல் இருப்பது பல இடங்களில் அந்த வார்டின் கவுன்சிலரேதான். ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம் என்று கிளம்பும்போதோ முதலில் போவது ஆற்றங்கரைக் குடிசைகள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் சதுப்போரம், அங்கும் வெள்ளம் நிற்கிறது. வேலைக்கு இருபது கிலோமீட்டர் போக வேண்டும். வெள்ள அபாயத்தைக் குறைக்கிறோம் என்ற பெயரில் ஏழைகளை ஒரு வெள்ளத்திலிருந்து இன்னொரு வெள்ளத்துக்கு மாற்றியதை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. பெரிய கட்டடங்களைத் தொடாத எந்த ஆக்கிரமிப்பு அகற்றலையும் மக்கள் நம்பப்போவதுமில்லை. இதைத் தீர்க்க, எல்லாம் தெரிந்த நிலையில் ஊர் நடுவே விவாதம் நடக்க வேண்டும். அதற்காவது தேர்ந்தெடுத்த மன்றம் வேண்டும்.

2025இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி நகரப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க அது வழி செய்கிறது. கோவை, மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களுக்கு நல்ல செய்தி. அதன் தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத் தலைவர் ஆட்சியர். இருவரும் அதிகாரிகள், மேயர் தலைவர் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்டு வருபவர் தலைமை ஏற்காத ஆணையம், ஏரியைத் தூர்க்கும் மனைப்பிரிவுக்கு மறுப்புச் சொல்லும் துணிவைப் பெறுமா என்பது போகப்போகத் தெரியும். ஊராட்சிகளுக்கு இந்தத் திருத்தத்தில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் ஊராட்சிக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் தமிழ்நாட்டில் அது கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவரில் தண்ணீர்க்கோடு அழியாமல் இருக்கும் ஜனவரியிலேயே, எந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பாலத்தில் முட்டித் திரும்பியது என்று ஊராட்சிச் செயலரும் கிராம நிர்வாக அலுவலரும் மகளிர் குழுவினரும் சேர்ந்து அளந்து ஒரு வரைபடத்தில் எழுதலாம். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 கூட்டத்தில் அதை வைத்து, கரை, கலிங்கு, குழாய்ப் பாலம், வாய்க்கால் என்று அவ்வாண்டு செய்ய வேண்டிய வேலையைத் தீர்மானமாக்கி ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கலாம். தீர்மானத்தில் வேலையின் இடம், மதிப்பீட்டுத் தொகை, எந்தத் துறையின் பொறுப்பு, முடிக்க வேண்டிய தேதி ஆகிய நான்கும் இருக்கட்டும். மழைக்குச் சில வாரம் முன் கூடும் அக்டோபர் 2 கிராம சபையில் முதல் பொருளாக அந்தப் பட்டியலைப் படித்து, முடிந்தது எது, முடியாதது எது, ஏன் என்று துறை அலுவலர்களை நேரில் நிறுத்திக் கேட்கட்டும்.